ஐந்து பண்டிகை விடுமுறைகள்: எந்த நாட்களைத் தேர்வது?

தமிழ்நாட்டில் ஒரு கடையையோ பட்டறையையோ அலுவலகத்தையோ நடத்துபவர் ஆண்டுதோறும் எடுக்கும் முடிவுகளில், எடுப்பதற்கு அரை மணி நேரமும் பேச்சுக் கேட்பதற்கு ஓர் ஆண்டும் ஆகக்கூடியது விடுமுறைப் பட்டியல்தான். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம், 1958, ஊதியத்துடன் கூடிய ஒன்பது நாட்களைத் தொழிலாளிக்கு உறுதி செய்கிறது. அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும் சட்டமே பெயர் சொல்லி வைத்துவிட்டது. எஞ்சிய ஐந்தும் பண்டிகை நாட்கள். அவை எவை என்பதை முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து, நிறுவனங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் குறிக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. நடைமுறையில் நிர்வாகம் ஒரு தாளில் எழுதி அனுப்பும் ஐந்து நாட்களே பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றன. ஆகவே அந்தத் தாளில் என்ன எழுதுவது என்பதே கேள்வி. பல மதத்தவரும் வெளிமாவட்டத்தாரும் சில வடமாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்து முப்பது பேர் வேலை செய்யும் ஓர் இடத்தை மனத்தில் வைத்து, இருக்கிற வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. “அரசு 24 நாள் அறிவித்திருக்கிறதே, நமக்கு ஏன் ஒன்பதுதான்?” என்று கேட்காத தொழிலாளி இல்லை. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அந்தப் பட்டியல் அரசு அலுவலகங்களுக்கும், காசோலை, கடன் சீட்டு போன்றவற்றை ஒழுங்குபடுத்தும் செலாவணி முறிச் சட்டம், 1881 இன் வழியாக வங்கிகளுக்கும் உரியது. அதில் ஒன்றான ஏப்ரல் 1, வங்கிகள் ஆண்டுக் கணக்கை முடிப்பதற்காகவே வைக்கப்பட்டது. இந்தச் சட்டத்தின் 25 ஆம் பிரிவைப் படித்தால், பொது விடுமுறை என்ற ஏற்பாடு நம் சட்டப் புத்தகத்துக்குள் ஓய்வின் பெயரால் வரவில்லை என்பது தெரியும். ஓர் உண்டியலோ (குறித்த நாளில் பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டு) கடன் பத்திரமோ முதிர்வடையும் நாள் பொது விடுமுறையாக இருந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் செலுத்தப்பட வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் அக்கறை. எந்தெந்த நாள் வங்கிக் கதவு மூடியிருக்கும் என்பது வணிகருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அதற்காகவே பட்டியல். 1881 இல் எழுதப்பட்டபோது ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவை சட்ட வாசகத்திலேயே இடம்பெற்றிருந்தன. மற்றவை அரசிதழ் அறிவிக்கையால் சேர்க்கப்பட வேண்டியவை. ஆட்சி நடத்தியவர்களின் நாட்காட்டி சட்டத்திலும், நாட்டு மக்களின் நாட்காட்டி அறிவிக்கையிலும் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது. ஆகவே 24 என்பது வங்கிக்கும் அரசுக்கும் பொருந்தும் எண். தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பது. அதற்கு மேல் தருவது நிறுவனத்தின் விருப்பம்.

தேசிய விடுமுறைகள் நான்கிலும் தேர்வுக்கு இடமில்லை என்பதால் அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 1930 இல் முழு விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்ட தேதி என்பதாலேயே ஜனவரி 26 அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் நாளாக 1950 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொழிலாளர் நாளான மே 1 ஐ இந்தியாவிலேயே முதன்முதலாக 1923 இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர். ஆகவே அதைத் தொழிலாளர் போராட்டம் நடந்த சிகாகோவிலிருந்து வந்த இரவல் நாள் என்று நம் ஊரில் யாரும் ஒதுக்க முடியாது. இந்த நாட்களில் ஆளை வேலைக்கு வைத்துவிட்டு இரட்டை ஊதியமோ மாற்று விடுமுறையோ தராத கடைகள் மீது தொழிலாளர் துறையினர் நடவடிக்கை எடுத்த செய்தி ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஐந்து நாட்களைத் தேர்வதில் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி “நம்மிடம் யார் அதிகம்?” என்பது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டாட ஒருவர் எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருக்க வேண்டும்? ஒரு பண்டிகை வயலில் பிறந்ததா, வீட்டில் பிறந்ததா, தொழிற்கூடத்தில் பிறந்ததா, கூட்டுத் தொழுகையில் பிறந்ததா என்பதைப் பொறுத்தே அதற்கு எத்தனை நாள் வேண்டும், அந்த நாளுக்கு வேறு நாள் ஈடாகுமா என்பவை அமைகின்றன.

பொங்கலை எடுத்துக்கொள்வோம். இது அறுவடையின் விழா; சூரியன் மகர ராசிக்குள் நுழையும் தை முதல் நாளில் வருகிறது. நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட சூரிய நாட்காட்டியில் அமைந்ததால் தேதி ஜனவரி 14 அல்லது 15 என்பதைத் தாண்டுவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் மட்டுமே நகர்வு தெரியும்: விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12, அந்த ஆண்டின் மகர சங்கராந்தி நாள். நிர்வாகத்துக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. ஆண்டுக் கணக்கில் முன்பே திட்டமிடக்கூடிய பண்டிகை இது. ஆனால் அறுவடை விழா என்பதாலேயே அது சொந்த ஊரை விட்டு வெளியே முழுமை பெறுவதில்லை. புதுப்பானையும் கரும்பும் சென்னையிலும் கிடைக்கும். மாட்டுப் பொங்கலுக்கு மாடு ஊரில்தான் இருக்கிறது, குலதெய்வமும் அப்பா அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி இரவெல்லாம் பயணம் செய்து திருநெல்வேலிக்கோ இராமநாதபுரத்துக்கோ போகிறவருக்கு ஒரே ஒரு நாள் விடுமுறை என்பது விடுமுறை தராததற்குச் சமம். அவர் எப்படியும் இன்னும் இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொள்வார். சொல்லிவிட்டு எடுப்பாரா, சொல்லாமல் எடுப்பாரா என்பதுதான் வேறுபாடு. ஆகவே ஐந்தில் இரண்டைப் பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் ஒதுக்குவது தாராளம் அல்ல. அந்த நாட்களில் ஆள் வரமாட்டார் என்ற உண்மையைத் தாளில் எழுதுவதுதான்.

தீபாவளி வீட்டுப் பண்டிகை. இங்கே விடியலுக்கு முன் எண்ணெய்க் குளியலும், நரகாசுரன் கதையும், சதுர்த்தசித் திதியும்; வடக்கே அமாவாசை இரவின் விளக்கும் லட்சுமி பூஜையும்; சமணர்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். ஒரே பெயரில் மூன்று வேறு நினைவுகள் இருப்பதால், தமிழருக்குக் காலையிலேயே முடிந்துபோகும் பண்டிகை பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் பிகார்க்காரருக்கு மாலையில்தான் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் மறுநாள் மாலையில். தொழிலாளிக்குத் தீபாவளியோடு ஒட்டிய இன்னொரு செய்தி போனஸ். 1965 ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் என்றும், கணக்கு ஆண்டு முடிந்த எட்டு மாதங்களுக்குள் தர வேண்டும் என்றும் சொன்னது; 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. மார்ச் 31 இல் கணக்கை முடிப்பவருக்குக் கெடு நவம்பர் 30. தீபாவளி அதற்குச் சற்று முன்னால் வந்து நிற்பதால், சட்டம் பண்டிகையின் பெயரைச் சொல்லாவிட்டாலும் பணம் பண்டிகைக்கு முன் கைக்கு வந்தாக வேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டது. இந்த நாளைப் பட்டியலில் இருந்து நீக்க முடியும் என்று எந்த நிர்வாகமும் எண்ணியதாகத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது கிழமையை மட்டுமே. 2026 இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வார விடுமுறையோடு மோதி அந்த நாள் வீணாகாமல், எல்லாரும் ஒப்பினால் திங்கட்கிழமையைத் தீபாவளிக்கென்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

ஆயுத பூஜைதான் இந்தப் பட்டியலிலேயே விசித்திரமான நாள். மற்ற பண்டிகைகளுக்கு வேலை இடத்தை விட்டுப் போக வேண்டும்; இதற்கு வேலை இடத்துக்கு வர வேண்டும். படைக்கலங்களை வழிபட்ட அரசர்களின் மகாநவமியிலிருந்து இறங்கிவந்த வழக்கம் இது. ஹம்பியில் மகாநவமி மேடை இன்றும் நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் அந்த ஒன்பது நாள் விழாவின் யானைகளையும் குதிரைகளையும் வியந்து எழுதி வைத்திருக்கிறார். அரசனின் வாளுக்கு நடந்தது இன்று லேத் இயந்திரத்துக்கு நடக்கிறது. கோவையில் ஏதேனும் ஒரு சிறு பட்டறைக்கு அன்று போய்ப் பார்த்தால், ஆண்டு முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கேறிய இயந்திரம் வேஸ்ட் துணியால் துடைக்கப்பட்டு, கடையும் பொருளைப் பிடிக்கும் சக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டு, அளவுக் கருவிகளான வெர்னியரும் மைக்ரோமீட்டரும் சாமி படத்துக்கு முன் வரிசையாகக் கிடக்கும். பொரி, கடலை, சுண்டல் பொட்டலங்கள் தயாராக இருக்கும். வாசலில் பூசணிக்காய் உடைக்கக் காத்திருக்கும். இந்த நாளைச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்று எழுதிவிட்டு ஆட்களைப் பூஜைக்கு வரச் சொல்வது முரண்தான். ஆனாலும் வருகிறார்கள், மனைவி மக்களையும் அழைத்து வருகிறார்கள். பட்டறைக்கும் பணிமனைக்கும் போக்குவரத்துத் தொழிலுக்கும் இதைவிடப் பொருத்தமான பண்டிகை நாள் வேறில்லை. வேலையெல்லாம் கணினியில் நடக்கும் அலுவலகத்துக்கோ முதல் நாள் மாலையில் ஒரு மணி நேரம் போதும். பெரும்பாலான அலுவலகங்கள் அப்படித்தான் செய்கின்றன. அங்கே ஐந்தில் ஒன்றை இதற்குச் செலவிடத் தேவையில்லை.

ஏப்ரல் 14 க்கு உரிய மதிப்பை நிறுவனங்கள் தருவதில்லை என்பது என் எண்ணம். சித்திரை முதல் நாள் புத்தாண்டா, தை முதல் நாளா என்ற வாதத்தில் 2008 இல் ஒரு சட்டமும் 2011 இல் அதை நீக்கும் சட்டமும் வந்தன. விடுமுறைப் பட்டியல் போடுபவர் அந்த வாதத்துக்குள் இறங்க வேண்டியதே இல்லை. அந்த ஒரே நாளில் அம்பேத்கரின் பிறந்தநாளும் இருக்கிறது. கேரளத்தவருக்கு விஷு, அசாமியருக்கு பிஹு, பஞ்சாபியருக்கு பைசாகி; வங்காளிகளுக்கு அதையொட்டியே புத்தாண்டு. ஒரே நாளில் இத்தனை பேருக்குப் பொருள்படும் விடுமுறை ஆண்டில் இன்னொன்று கிடையாது.

ரம்ஜானும் பக்ரீத்தும் வேறு வகை. காலையில் கூட்டுத் தொழுகை உண்டு; அந்த நேரம் தவறினால் மாலையில் ஈடு செய்ய முடியாது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் தேதி ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பிறை தென்பட்டதைப் பொறுத்துத் தலைமை காஜி அறிவிக்கும்வரை உறுதியாகாது. புனித வெள்ளியும் நகரும் நாளே. மார்ச் 20 க்கும் ஏப்ரல் 23 க்கும் இடையில் வரும் என்றாலும், கணக்கு முன்பே போடப்பட்டுவிடுவதால் தொல்லை இல்லை. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 இல் நிலையாக நிற்பது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு, அவற்றைக் கொண்டாடுபவருக்கு அந்த நாளுக்குப் பதிலாக வேறு நாள் ஆகாது என்பதே. கொண்டாடாதவருக்கு அது வெறும் ஓய்வு நாள்.

விநாயகர் சதுர்த்தி, கிருஷ்ண ஜெயந்தி இரண்டும் வீட்டுப் பூஜையோடு முடிபவை. முன்னதற்குக் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதியும், பின்னதற்கு மாலையில் சீக்கிரம் போக அனுமதியும் போதும். 2021 முதல் அரசுப் பட்டியலில் சேர்ந்த தைப்பூசம், பழனிக்கு நடந்து போகிறவருக்குப் பல நாள் பயணம். மற்றவருக்குக் கோயிலுக்குப் போய்வரும் ஒரு வேளை. இவை ஐந்தில் இடம்பெறத் தேவையில்லை.

இனி வழிகளை ஒப்பிடலாம். நடைமுறையில் மூன்று உண்டு. முதலாவது, பெரும்பான்மையினர் கேட்கும் ஐந்து நாட்களையும் அப்படியே எழுதுவது: பொங்கல், மாட்டுப் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி, இவற்றோடு இன்னொன்று. உற்பத்திக் கணக்குக்கு இது மிக எளிது. யாரும் வரமாட்டார்கள் என்ற நாளில் மூடுவதால் இழப்பு குறைவு. ஆனால் முப்பதில் நான்கு பேர் முஸ்லிம்கள் என்றால், ரம்ஜானன்று அவர்கள் தம் சொந்த விடுப்பைச் செலவழித்துத் தொழுகைக்குப் போக வேண்டும். மற்ற இருபத்தாறு பேருக்கும் அப்படி ஒரு செலவு இல்லை. ஒரே சம்பளம் வாங்கும் இருவருக்கு விடுப்பு வேறுபடுவதை முதலாளி கவனிக்காமல் இருக்கலாம், அந்த நான்கு பேரும் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, மதத்துக்கு ஒன்று என்று பங்கிட்டுப் பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பிறகு ஆயுத பூஜையோ தமிழ்ப் புத்தாண்டோ என்று எழுதுவது. பார்வைக்கு இதைவிட நேர்மையான பட்டியல் இல்லை. எல்லாரும் சேர்ந்து மூடுவதால் அன்று யாரும் தனியாக விடுப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. நண்பர் வீட்டுப் பிரியாணிக்கும் போகலாம். இதற்குக் கொடுக்கும் விலை மாட்டுப் பொங்கல். பணியாளர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்களாக இருந்தால் அந்த விலை சிறியது. பாதிப்பேர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்றால், ஜனவரி 16 ஆம் தேதி காலையில் பாதி இயந்திரங்கள் நிற்கும்.

இதே நெருக்கடியைச் சிங்கப்பூர் ஒரு நாடாகவே சந்தித்தது. 1968 இல் அங்கே பொது விடுமுறைகள் 16 இலிருந்து 11 ஆகக் குறைக்கப்பட்டபோது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு சமயத்தாரிடமும் கேட்கப்பட்டது. இந்துக்களுக்குத் தைப்பூசமும் தீபாவளியும் முன்னால் வைக்கப்பட்டன, தீபாவளி தங்கியது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டுக்கொடுத்தார்கள். இன்றும் சிங்கப்பூரில் தைப்பூசக் காவடி ஊர்வலம் குறையின்றி நடக்கிறது, ஆனால் காவடி எடுப்பவர் தம் விடுப்பில் எடுக்கிறார். அந்த முடிவில் எனக்குப் பிடித்தது, நாளை இழப்பவர்களிடமே கேட்டுவிட்டு முடிவெடுத்த முறை. நம் சட்டத்தில் “கலந்து” என்று இருப்பதும் அதைத்தான் சொல்கிறது. அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டுவது கலந்துகொள்வதாகாது.

மூன்றாவது வழி, சில நாட்களை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, மற்றவற்றை அவரவர் விருப்பத்துக்கு விடுவது. மத்திய அரசு அலுவலகங்களில் பொது விடுமுறைகளுக்கு மேல் ஒவ்வொருவரும் ஒரு பட்டியலிலிருந்து இரண்டு நாட்களைத் தேர்ந்துகொள்ளும் வரையறுக்கப்பட்ட விடுமுறை, பேச்சுவழக்கில் ஆர்.எச்., நெடுங்காலமாக இருக்கிறது. செலவைப் பார்த்தால் இது மலிவானது. முப்பது பேருக்கும் ஒரே நாளில் மூடினால் முப்பது மனித நாட்களோடு மின்சாரம், வாடகை, நின்ற இயந்திரம் எல்லாம் சேரும். ஆளுக்கு ஒரு விருப்ப நாள் என்றால் மனித நாட்கள் அதே முப்பதுதான். ஆனால் ரம்ஜானுக்கு நான்கு பேர், புனித வெள்ளிக்கு மூன்று பேர், ஓணத்துக்கு இரண்டு பேர் என்று பிரிந்து போவதால் வேலை நிற்பதில்லை. ஓர் இயந்திரத்துக்கு ஒரே ஓர் ஆள் என்ற நிலை இருந்தால் மட்டும் மாற்று ஆளை முன்பே பழக்கி வைக்க வேண்டும். சட்டப்படியான ஐந்தில் ஒன்றையே இப்படி விருப்ப நாளாக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சட்டம் நிறுவனத்துக்கென்று நாட்களைக் குறிக்கச் சொல்கிறது. ஆளுக்கொரு நாள் என்பதை ஆய்வாளர் ஏற்பாரா என்ற கேள்வியை எழுப்பாமல், ஐந்தையும் பொதுவாகத் தந்துவிட்டு விருப்ப நாளை அதற்கு மேல் தருவதே பாதுகாப்பு.

எனவே என் தேர்வு, பட்டறை என்றால் பொங்கல், மாட்டுப் பொங்கல், ஏப்ரல் 14, ஆயுத பூஜை, தீபாவளி. அதற்கு மேல் ஆளுக்கு இரண்டு விருப்ப நாட்கள். அலுவலகம் என்றால் ஆயுத பூஜைக்குப் பதிலாகக் கிறிஸ்துமஸ் அல்லது ரம்ஜான், அதற்கு மேல் ஒரு விருப்ப நாள். துணிக்கடையும் இனிப்புக்கடையும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டா. ஊர் கொண்டாடும் நாளுக்கு முந்திய இரவுவரை அவர்களுக்கு வேலை. அங்கே எந்த நாளை எழுதுகிறோம் என்பதைவிட, எழுதிய நாளில் வேலை வாங்கினால் இரட்டை ஊதியம் தருகிறோமா, ஊதியத்தோடு மாற்று நாள் தருகிறோமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்வதுதான் முக்கியம். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு, ஏப்ரல் 14 இல் பயன்பெறும் அசாமியரைத் தவிர, இந்த ஐந்தில் எதுவும் பெரிதாக உதவாது. தீபாவளிக்கு ஆறு நாள் கழித்து வரும், பிகார் மக்களின் பெருவிழாவான சத் பூஜைக்கு ரயிலில் இரண்டு நாள் போக வேண்டியவருக்குத் தேவை தொடர் விடுப்பு, தனி நாள் அல்ல. அவர்களது விருப்ப நாட்களையும் ஈட்டிய விடுப்பையும் ஒன்றாக இணைத்து எடுக்க அனுமதிப்பதே வழி.

உள்ளூர் விடுமுறைகளையும் மறந்துவிடக் கூடாது. தஞ்சாவூரில் இராஜராஜ சோழனின் சதய விழா, நாகப்பட்டினத்தில் நாகூர்க் கந்தூரி, கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்று மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் நாட்கள், பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் உரியவை. ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாவதும் வழக்கம். செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று ஆணையிலேயே எழுதியிருப்பார்கள், ஆகவே வங்கி திறந்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத அன்று தாய்மார்கள் பலர் வரமாட்டார்கள். அந்த ஊரில் நிறுவனம் இருந்தால், ஆங்கிலப் புத்தாண்டுக்கோ விநாயகர் சதுர்த்திக்கோ ஒரு நாள் தர எண்ணுவதைவிட அந்த ஊர்த் திருவிழாவுக்கே தருவது நல்லது.

பட்டியலை எப்போது வெளியிடுவது என்பதில் பெரும்பாலோர் டிசம்பர் கடைசி வாரத்தைத் தேர்கிறார்கள். அது பொங்கலுக்குப் பயன்படாது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஜனவரி 12 ஆம் தேதி ரயிலுக்கு நவம்பர் 13 ஆம் தேதி காலை 8 மணிக்கு இடம் பிடித்தாக வேண்டும், தென்மாவட்ட ரயில்களில் சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடும். மாட்டுப் பொங்கல் உண்டா இல்லையா என்று தெரியாதவர் திரும்பும் டிக்கெட்டை எந்தத் தேதிக்கு எடுப்பார்? ஆகவே அடுத்த ஆண்டுக்கான தாள் அக்டோபர் இறுதிக்குள் பலகையில் இருக்க வேண்டும். அதில் ரம்ஜான் இடம்பெற்றால், தேதிக்குப் பக்கத்தில் “பிறைக்கு உட்பட்டது” என்று எழுதி, முந்தைய இரவு அறிவிப்பு வந்தபின் மறுநாள் காலை ஷிப்டுக்கு வர வேண்டுமா வேண்டாமா என்பதை வாட்ஸ்அப் குழுவில் சொல்லப்போகிறவர் யார் என்பதையும், அவரது கைபேசி எண்ணையும் அதே தாளில் சேர்த்துவிட வேண்டும்.